அரசனைக் கொன்ற பிறகு என்ன நடந்தது

பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கான நேர்முகத்துக்கு எனக்குத் தேதி வந்தபோது, நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. என் கணவர் எப்போதோ பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார். மகள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் நான் ஒருத்திதான் அகதியாக மிச்சம் இருந்தேன். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், ஓடிவந்த நாட்டைத் தவிர. அந்த நாட்டில்தான் என் அம்மா இருக்கிறார்.

ஒருமுறை அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு வாடகை வீட்டில் மூன்று வாரம் ஒன்றாக இருந்தோம். அதெல்லாம் பழைய கதை. இப்போது அவரால் வாசற்படி இறங்கவே இரண்டு பேர் வேண்டும். காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது மத்தியானம் மறந்துபோகிறது. பழைய விஷயம் ஒன்றும் மறக்கவில்லை, அதுதான் கஷ்டம். நான் போய் அவரைப் பார்ப்பதென்றால் பிரெஞ்சுக்காரரின் சிவப்புப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு இந்த நேர்முகத்தில் தேற வேண்டும்.

இவ்வளவு காலமும் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். மொழிப் பரீட்சைக்குப் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. என் அகதிக் கேஸை யாராவது திரும்பத் திறந்து பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான். அதை என் கணவருக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

கேஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். நான் வந்த காலத்தில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கேஸ் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு கடைக்கு மேலே சிறிய அறை, ஒரு தட்டச்சு மெஷின், சுவரோரம் நாலைந்து கதிரைகள். புதிதாக வந்தவர்கள் அந்தக் கதிரைகளில் காத்திருந்து தங்கள் கதையைச் சொல்லுவார்கள். எழுதுகிறவர் கேட்டுவிட்டு, அதைப் பிரெஞ்சுக்காரருக்கு விளங்கும் கதையாக மாற்றுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் எழுதிய கேஸ்களில் எல்லோருடைய வீட்டுக்கும் அரசாங்கத்தின் ஆமி விடியக்காலையில்தான் வரும். எல்லோரும் பின்வேலியால்தான் ஓடுவார்கள்.

நான் என் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். அண்ணா ஓர் இயக்கத்தில் இருந்தவன். அந்த இயக்கத்தை இன்னோர் இயக்கம் தடை செய்தது. அண்ணா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சைக்கிள் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு பின்னேரம் தடை செய்த இயக்கத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் முன்பு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். அம்மா தேத்தண்ணி போட்டுக்கொடுத்தார். குடித்தார்கள். அண்ணாவைச் சந்தி வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். கழுத்தில் ஒரு மட்டையில் துரோகி என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. சத்தம் போட்டு அழ வேண்டாம் என்று அயலில் உள்ளவர்களே அம்மாவுக்குச் சொன்னார்கள்.

கேஸ் எழுதுகிறவர் கடைசிவரை கேட்டார். பிறகு மெஷினில் புதுத் தாளைச் செருகினார்.

"தங்கச்சி, ஆமி சுட்டதெண்டு எழுதுவம்."

"ஆமி இல்லை அண்ணை. எங்கடை இயக்கப் பெடியள்தான்."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்காது. ஏன் சுட்டவங்கள், எந்த இயக்கம், நீ எந்தப் பக்கம் எண்டு ஆயிரம் கேள்வி வரும். ஆமி எண்டா ஒரு கேள்வியும் இல்லை." படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "இஞ்சை கீழை கடையிலை நிக்கிற எங்கடை ஆக்களுக்கும் இது தெரியாமல் இருக்கிறதுதான் உனக்கு நல்லது," என்றார்.

நான் சரி என்றேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவர் எழுதியதை வாங்கிக்கொண்டுபோய் இரண்டு கிழமை பாடமாக்கினேன். ஆமி எத்தனை பேர், எந்தப் பக்கத்தால் வந்தார்கள், அண்ணா என்ன நிறச் சேர்ட் போட்டிருந்தான், எல்லாம் அதில் இருந்தது. என்னுடைய வாழ்க்கையை இன்னொருவருடைய வசனத்தில் பாடமாக்கினேன். கேட்ட இடத்தில் அப்படியே ஒப்புவித்தேன். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பாடமாக்கியது பிரான்சின் சரித்திரம்தான்.

நான் லாச்சப்பலில் ஒரு கடையின் பின்பக்கக் குசினியில் கறி அடைத்த ரோல்ஸும் பற்றிஸும் செய்கிறேன். காலை ஏழு மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் பத்து மணிக்கு முதல் தட்டு முன்னுக்குப் போக வேண்டும். கை தன்பாட்டில் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். நேர்முகத்துக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தை மகள் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து தந்திருந்தாள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு கறியை வைத்துச் சுருட்டுவேன். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது, சிறைக்கோட்டையை உடைத்தார்கள். மனித உரிமைப் பிரகடனம். முடியாட்சியை ஒழித்தார்கள், முதலாவது குடியரசு வந்தது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ஜனவரி, அரசனின் தலையை வெட்டினார்கள். முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி, அடுக்கி வைப்பேன்.

கடை முதலாளி என்னைவிட வயது குறைந்தவர். முன்னுக்கிருந்து தட்டு எடுக்க வரும்போதெல்லாம் பகிடிதான்.

"என்னக்கா, அரசன்ரை கழுத்து இன்னும் கிடக்கோ, போயிட்டுதோ?"

"அது நேற்றே போயிட்டுது. இண்டைக்கு அரசி."

"பாவம் அக்கா. அவவுக்கு ரெண்டு ரோல்ஸ் குடுத்து விடுங்கோ."

சிரிப்பேன். சிரிப்பதற்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. அந்தக் காலத்தில் எனக்கு ஒன்றிலும் பெரிய கவலையோ சந்தோஷமோ வரவில்லை. மகள் அதைச் சோர்வு என்றாள், வைத்தியர் இரும்புச்சத்து குறைவு என்றார். நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அண்ணாவின் உடலைப் பார்த்த அன்று தொடங்கியது அது. இடையில் கலியாணம், பிள்ளைப்பேறு, சிலவேளை ஒரு நல்ல சாப்பாடு என்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் கேள்வி கேட்பாள். நான் தமிழில் யோசித்துப் பிரெஞ்சில் சொல்லுவேன். அவள் பிரெஞ்சிலேயே திருத்துவாள். எனக்குச் சில கேள்விகளில் எரிச்சல் வரும். இப்போது எத்தனையாவது குடியரசு என்று கேட்டால் ஐந்தாவது என்று சொல்ல வேண்டும். மற்ற நாலுக்கும் என்ன நடந்தது என்று ஒருநாள் அவளைக் கேட்டேன். அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேருமாகப் பார்த்தோம். அரசனை வெட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரு சக்கரவர்த்தியை வைத்துக்கொண்டார்கள். அவரைத் துரத்திவிட்டு, வெட்டப்பட்ட அரசனின் தம்பியையே கூட்டிவந்து சிம்மாசனத்தில் இருத்தினார்கள். அவருக்குப் பிறகு அடுத்த தம்பி. பிறகு ஓர் உறவுக்காரன். பிறகு திரும்பக் குடியரசு, திரும்பச் சக்கரவர்த்தி. லாச்சப்பலில் எங்கள் ஆட்களின் சங்கங்கள் உடைந்து, ஒட்டி, பெயர் மாற்றித் திரும்ப உடைவது மாதிரித்தான். "அப்ப எதுக்கு அந்தாளை வெட்டினவை?" என்று கேட்டேன். மகள் தோளைக் குலுக்கினாள். அதை அங்கே கேட்டுவிடாதே என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அரசனை வெட்டியதற்கும் சக்கரவர்த்தி வந்ததற்கும் இடையில் ஒரு சின்னப் பந்தி இருந்தது. பயங்கர ஆட்சிக் காலம் என்று தலைப்பு. அரசனைக் கவிழ்த்தவர்கள் ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லி அரசனின் தலையை வெட்டிய அதே மெஷினுக்கு அனுப்பினார்கள். நேற்று ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவனை இன்று அனுப்பினார்கள். கடைசியில் எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்த தலைவனையும் அனுப்பினார்கள். மகளின் பதிவில் அது ஒரு நிமிடம்கூட வராது. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. கேட்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. ஓ, இங்கேயும் அப்படித்தானா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் சென் தெனியில் குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற வழியில் பிரெஞ்சு அரசர்களைப் புதைத்த பெரிய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. முப்பது வருடமாக அதன் வாசலால் வெண்டிக்காயும் மீனும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. படிப்புக்கு உதவும் என்று மகள் கூட்டிக்கொண்டு போனாள். கல்லில் அரசனும் அரசியும் கைகூப்பிப் படுத்திருந்தார்கள். உள்ளே எலும்புகள் இல்லையாம். புரட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் தோண்டி வெளியே ஒரு குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பு போட்டார்களாம். பிறகு அரசர்கள் திரும்பி வந்தபோது குழியைக் கிளறினார்களாம். யார் எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக நிலவறையில் வைத்து மூடி, பெயர்களை மட்டும் வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நான் அந்தப் பெயர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். காலில் குளிர் ஏறியது. சந்தை மூடுவதற்குள் கருவேப்பிலை வாங்க வேண்டும் என்று மகளை அவசரப்படுத்தினேன்.

நேர்முகத்து அன்று என் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். நேர்முகம் நடக்கும் பிரெபெக்சூர் அலுவலக வாசலில் வைத்துக் கடைசியாகச் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கதையை வளர்க்காதை. என்ன?"

"ஓம்."

"முந்தி எழுதினதையே சொல்லு."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

உள்ளே என்னைக் கூப்பிட்டவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கோபமும் இல்லை, அன்பும் இல்லை, அன்று காலையில் இருந்து பலரைப் பார்த்த முகம். கேள்வி கேட்பார், நான் சொல்லச் சொல்ல என்னைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வார். கம்ப்யூட்டர் திரை என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

முதலில் வேலை, வீடு, வரி. பிறகு ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டார். நான் பாடமாக்கியதைச் சொன்னேன். என் அண்ணாவை ஆமி சுட்டது, எனக்கும் ஆபத்து வந்தது, ஓடிவந்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் தடக்கவில்லை. அவர் தட்டச்சு செய்தார். வருந்துகிறேன் என்றார். நான் நன்றி சொன்னேன்.

பிறகு சரித்திரம். தேசிய தினம் எது, அன்று என்ன நடந்தது, அரசனுக்கு என்ன நடந்தது. எல்லாம் சரியாகச் சொன்னேன்.

"அரசனைக் கொன்ற பிறகு என்ன நடந்தது?"

"பயங்கர ஆட்சிக் காலம், மடாம்."

"அப்படியென்றால்?"

"அரசனைக் கவிழ்த்தவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைத் துரோகி என்றார்கள். தாங்கள்தான் உண்மையான ஆட்கள் என்றார்கள். கூட இருந்து சாப்பிட்டவர்களையே கொன்றார்கள்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "நன்றாகச் சொல்கிறீர்கள். பலருக்கு இந்த இடம் தெரிவதில்லை. எங்கே படித்தீர்கள்?"

அது பரீட்சைக் கேள்வி இல்லை, சும்மா கேட்ட கேள்வி. புத்தகத்தில் என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

"என் அண்ணாவையும் அப்படித்தான் கொன்றார்கள்," என்றேன். "எங்கள் ஆட்கள்தான். வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள்."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. துணிச்சலால் சொல்லவில்லை. கண் கலங்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அவர்களுடைய சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்த வாய் நிறுத்த மறந்துபோய் என்னுடையதையும் சொல்லிவிட்டது. அவருடைய விரல்கள் பழக்கத்தில் அதையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. திரையில் என் அண்ணா ஒரு வரியாக ஓடினான். பிறகு விரல்கள் நின்றன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே உருட்டிப் பார்த்தார்.

"மடாம், சற்று முன்பு ஆமி என்று சொன்னீர்கள்."

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. முப்பது வருடத்து விறைப்பு ஒரே நொடியில் போய்விட்டது. மடியில் இருந்த அழைப்புக் கடிதத்தைச் சுருட்டத் தொடங்கினேன். பாஸ்போர்ட் போனது, அம்மா போனார், அகதிக் கார்டையும் பிடுங்குவார்கள், வாசலில் நிற்கிற மனுசனுக்கு என்ன சொல்வேன். எல்லாம் ஒன்றாக வந்தது. பொய் சொன்னேன் என்று சொல்லவா, இப்போது சொன்னதுதான் பொய் என்று சொல்லவா? இரண்டுக்கும் என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் கேட்டது பிரான்சின் சரித்திரம், மடாம். அதற்கு நீங்கள் சொன்ன பதில் சரி. அதை மட்டும் எழுதுகிறேன்."

ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரையில் அந்த வரி பின்னாலிருந்து ஓர் எழுத்தாக அழிந்துகொண்டு போனது. தேத்தண்ணி போனது, வீடு போனது, எங்கள் ஆட்கள் போனார்கள், அண்ணா போனான். ஆமி சுட்டது என்ற வரி மேலே அப்படியே இருந்தது. அவர் அறிக்கையை அச்செடுத்துத் தந்து, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாசித்தேன், போட்டேன். அவருக்கு நான் சொன்ன நன்றி உண்மையான நன்றி. அவர் நல்லவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து எழுதக்கூடாது. தப்பினேன் என்ற சந்தோஷம் காலில் இருந்து தலை வரைக்கும் இருந்தது. வெளியே என் கணவர், "என்ன மாதிரி?" என்று கேட்டபோது, "எல்லாம் சரியாச் சொன்னன்," என்றேன்.

அடுத்த வருடம் கடிதம் வந்தது. நான் பிரெஞ்சுக்காரி. கடையில் முதலாளி அன்று முன்னுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மா பற்றிஸ் கொடுத்தார். நான் மத்தியானம் குசினியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே பின்னேரம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கைப்பேசியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. திரையில் அம்மாவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

"அம்மா, எனக்குக் கிடைச்சிட்டுது. மார்கழியிலை வாறன்."

"வா பிள்ளை. வந்து ஒருக்கா முகத்தைக் காட்டு." பிறகு அண்ணாவை நினைத்து, "கொண்ணையைப் பற்றிக் கேட்டவையோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"என்ன சொன்னனி?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் நான் அன்று சந்தோஷத்தில் இருந்தேன், காவல் இல்லாமல் இருந்தேன்.

"ஆமி சுட்டதெண்டு சொன்னன். முதல் வரேக்கையே அப்பிடித்தான் எழுதினது அம்மா. அப்பிடி எழுதினாத்தான் விடுவாங்கள் எண்டு சொன்னவை. இந்தமுறை உண்மையும் வாயிலை வந்திட்டுது. அந்தப் பொம்பிளை எனக்காகத்தான் அதை அழிச்சவ."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அந்தக் கண் இமைத்தது.

"அப்ப அங்கையும் எழுதிக் கிடக்கேல்லையோ?" என்றார். "நான் இவ்வளவு காலமும் என்ன நினைச்சுக்கொண்டிருந்தனான் தெரியுமோ? இஞ்சை ஒருத்தரும் வாய் திறக்கேலாது, சரி. என்ரை பிள்ளை பிரான்சிலை போய்ச் சொல்லியிருப்பாள், அங்கை ஒரு அரசாங்கக் கந்தோரிலையாவது என்ரை பெடியனை ஆர் சுட்டதெண்டு எழுதி வைச்சிருப்பினம் எண்டு நினைச்சன்."

நான் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு இடத்திலையும் இல்லையோ, பிள்ளை?"

"இல்லை, அம்மா."

இப்போது இதில் எழுதியிருக்கிறேன். அண்ணாவின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுத இன்னமும் பயமாக இருக்கிறது.